சண்டைக்கு ஆள் இல்லை

ஃபீலிம் பிராடி கேவன்காரர். பெண் எடுத்த ஊர் என்று எங்கள் மோனகனுக்கு வந்து முப்பத்தெட்டு வருடம் ஆகியும் கேவன்காரர்தான். அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் ஆகவே ஆகாது.

மனைவி இறந்துபோன பிறகு அவர் வாய் திறந்ததெல்லாம் என் பாரில், பேக்கி மெக்கென்னாவோடு சண்டை போடத்தான். பந்தோடு ஓடுகிறவனை வேண்டுமென்றே இழுத்துத் தள்ளினால் கறுப்பு அட்டை, பத்து நிமிடம் வெளியே. அதை எந்த மாவட்டத்தானுக்குக் காட்டியிருக்க வேண்டும் என்று இருவரும் மணிக்கணக்கில் கத்துவார்கள். கடைசியில் பேக்கி தவறாமல் சொல்வார்: "கஞ்சக் கேவன்காரா, கண்ணாடி வாங்கக்கூட மனசு வராதே உனக்கு!"

பிப்ரவரியில் பேக்கியைப் புதைத்தோம்.

மே மாதம் இரண்டு மாவட்டமும் மோதின. ஆட்டம் முடிந்ததும் ஃபீலிம் வழக்கமான முக்காலியில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உங்க பசங்க ஆடுறது ஆட்டமாய்யா? அடிதடி! ஆறு பேருக்குக் கறுப்பு அட்டை காட்டியிருக்கணும்."

பச்சைப் பொய். எங்கள் பையன்கள் அன்று ஒருவனைக்கூட இழுக்கவில்லை.

"நீங்க சொன்னா சரிதான், தாத்தா," என்றான் ஒருவன். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை காட்டுகிறார்களாம், அறிவுகெட்டவர்கள்!

ஃபீலிம் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, காலியாகக் கிடந்த பக்கத்து முக்காலியிடம் மெதுவாகச் சொன்னார்:

"கண்ணாடி வாங்கிட்டேன்டா."