நாலாவது அடுக்கு

செய்தி வந்தபோது மருமகள் அனிதா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோசை கருகும் வாடை வந்த பிறகுதான் நான் எட்டிப் பார்த்தேன். "அத்தை, அம்மா போய்ட்டாங்க" என்றாள். ராத்திரி நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. மல்லிகா என் சம்பந்தி. உங்களில் பலருக்கு பாலிடெக்னிக்கில் தோல் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்த மல்லிகா மேடம்.

பழைய மாணவர்கள் நினைவு மலர் போடுகிறார்கள், நீயும் எழுது என்றான் என் மகன். கூடவே, "அம்மா, செத்தவங்களப் பத்தி நல்லதா மட்டும் எழுது. உன் பழைய சண்டையெல்லாம் இழுக்காத" என்றான். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துப் பிழையை அனிதா திருத்தினாள். விஷயத்தைத் திருத்த விடவில்லை.

ஐம்பது வயதுக்கு மேல் சம்பந்திக்கு எம்.எஸ். படிக்கும் ஆசை வந்தது. பொறியியலில் ஆராய்ச்சி செய்து வாங்கும் பட்டம். வகுப்பு கம்மி, ஆராய்ச்சி ஜாஸ்தி. ஒன்றைத் தானே செய்து பார்த்து, எழுதி, பரீட்சகர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பட்டம் இருந்தால் ஓய்வு பெறுவதற்குள் துறைத் தலைவர் ஆகலாம். "வீட்ல பேரப்புள்ள வர்ற நேரத்துல இன்னா சம்பந்தி படிப்பு?" என்று கேட்டேன். "பேரப்புள்ள வந்து கேட்டா சொல்றதுக்கு ஒண்ணு வேணுமே" என்றார்.

அவர் எடுத்துக்கொண்டது உப்பு. ஆட்டுத் தோல் உரித்தவுடன் கெடாமலிருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள். பிறகு கழுவும்போது அந்த உப்பெல்லாம் பாலாற்றுக்குத்தான் போகிறது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பைப் பாதியாகக் குறைத்து, அதற்குப் பதில் இலை விழுதைத் தடவி வைத்தால் தோல் தாங்குமா என்று சம்பந்தி பார்த்தார். ஆம்பூரில் ஒரு பாய் தன் தோல் மண்டியில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தோலைப் புரட்டுவார். முதல் இரண்டு அடுக்கும் நன்றாக வந்தன.

மூன்றாவது அடுக்கு வைத்திருந்தபோதுதான் அனிதாவுக்கு வளைகாப்பு. ஊரே உட்கார்ந்திருக்கிறது. வளையல் தட்டை எடுக்கும் நேரம், பெண்ணைப் பெற்றவரைக் காணோம். குறித்த நேரத்தில் அடுக்கைப் பிரித்துப் பார்க்க மண்டிக்குப் போய்விட்டாராம். பந்தி முடிந்த பிறகு வந்தார். குளித்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, பூவும் வைத்திருந்தார். ஆனாலும் தோல் வாடை, மூக்கைப் பொத்திக்கொண்டேன். நான் விடுவேனா? எல்லார் முன்னாலும் கேட்டேன்:

"பொண்ணுக்கு வளையல் போட நேரமில்ல, செத்த ஆட்டுக்கு நேரமிருக்குதா?"

"பொண்ணு காத்திருப்பா சம்பந்தி. தோல் காத்திருக்காது."

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அனிதா சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினாள். அந்தக் கையில் ஒரு வளையல்கூட இல்லை. அம்மாவுக்கென்று மூளியாக விட்டு வைத்திருந்தாள். சம்பந்தி ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசி வளையல் வரை பார்த்தேன். பார்த்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

நாலாவது அடுக்கு ஐப்பசியில். அந்த மழையில் மண்டிச் சுவரே வியர்த்தது. தோல் கெட்டுவிட்டது, தொட்டால் முடி கையோடு வந்தது. அனிதாவுக்குப் பெண் பிறந்திருந்தது. அந்த வாரம் குழந்தையைப் பார்க்க சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். காலை நீட்டிப் பேத்தியைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்ட போனில் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு.

"மேடம், அந்த நாலாவத வுட்டுடுங்க. மூணு நல்லா வந்திருக்கு, போதும். இதச் சேத்தா அடுத்த மழை வரைக்கும் இருந்து மறுபடி செஞ்சு காட்டணும். உங்களுக்கு டைம் இல்ல."

"அப்ப ஆம்பூர்ல மழையே பெய்யாதுன்னு முதல் பக்கத்துல எழுதிடட்டுமா சார்?"

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பெரிய மனுசன் உங்க நல்லதுக்குத்தானே சொல்றாரு, வுட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

"நாளைக்கு ஒரு சின்ன யாவாரி என் பேச்சை நம்பி ஐப்பசில தோலை அடுக்குவான் சம்பந்தி. அவன் போட்ட முதல் மொத்தமும் போயிடும். அப்ப யாரு பதில் சொல்றது?" சொல்லிக்கொண்டே குழந்தையின் கண்ணில் சோப்பு படாமல் நெற்றியில் கையால் அணை கட்டினார்.

எழுதிக் கொடுத்துக் கால நீட்டிப்பு வாங்கினார். ஒரு வருடம் போயிற்று. அதற்குள் துறைத் தலைவர் பதவி, அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவருக்குப் போய்விட்டது. புதுத் தலைவர் சம்பந்தி வீட்டுக்கு லட்டு கொண்டுவந்தார். சம்பந்தி வாழ்த்திவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் தொடவில்லை. இதைப் படித்தால் அவருக்கு ஞாபகம் வரும்.

அடுத்த ஐப்பசியிலும் அதேபோல் கெட்டது. வெயில் காலத்துக்குப் பாதி உப்பு போதும், மழைக் காலத்துக்குப் போதாது என்று இரண்டையும் எழுதினார்.

பரீட்சகர் கேள்வி கேட்கும் நாளில் வீட்டாரும் உட்காரலாம் என்றார்கள். கடைசி வரிசையில் நானும் அனிதாவும். எல்லாம் இங்கிலீஷ். எனக்குக் கொட்டாவி வந்த நேரத்தில், வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் தமிழில் கேட்டார்: "கெட்டுப் போனதை ஏம்மா இவ்வளவு விரிவா எழுதியிருக்கீங்க?"

"மூணு அடுக்கு நல்லா வந்தது எனக்குப் பட்டம் வாங்க உதவும் சார். நாலாவது கெட்டதுதான் மண்டிக்காரருக்கு உதவும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்ல" என்றார். சம்பந்தி நேராகக் கடைசி வரிசைக்கு வந்து, குனிந்து, என் காதருகே கேட்டார்:

"சம்பந்தி, நாறுதா?"

"இன்னைக்கு இல்ல" என்றேன்.

பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டவும் இல்லை. ஆனால் இப்போதும் அந்த பாய், "மழைக்கு முழு உப்பு, மேடம் சொல்லிட்டாங்க" என்றுதான் ஆளுக்குச் சொல்கிறார். துக்கம் கேட்க வந்தபோது அவரே சொன்னார்.

மகன் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை. வளைகாப்பை விட்டுவிட்டு எழுதியிருந்தால் அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அன்று அவர் செய்தது தப்பு. இன்றைக்கும் தப்புதான், நான் மன்னிக்கவில்லை. அதை மறைத்து எழுதினால் அது மல்லிகா இல்லை, வேறு யாரோ. பேத்தி வளர்ந்து, அம்மாயி எப்படி இருந்தாங்க என்று என்னைக் கேட்பாள். நல்லா வந்த மூன்றையும் சொல்வேன். கெட்டுப்போன நாலாவதையும் சொல்வேன். அப்படிச் சொல்லத்தான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.