துண்டு போட்டுப் பிடித்த ஜன்னலோரம்

சின்ன வயதில் முதன்முதலாகக் கடலின் இரைச்சலைக் கேட்டபோது, ரப்பர் மலையில் மழை இறங்கி வருகிறது என்று நினைத்துக் குடையை விரித்துவிட்டேன். பிறகு தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை ஆனேன். ஓய்வு பெற்ற பின்னும், வருடத்துக்கொரு முறை யட்டியாந்தோட்டையிலிருந்து கொழும்புக் கடற்கரைக்கு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிப்போகும் வேலை மட்டும் என்னை விடவில்லை. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: புறப்படும் முன்பே பாதி உயிர் போய்விடும்.

இடம்

போன வருடம் பஸ் வந்து நின்றதும் முதலில் ஓடி வந்தவர் அந்தோணி. ஜன்னல் வழியாகத் துண்டை வீசி ஓர் இடம் பிடித்தார். பயணத்துக்குப் பெயர் கொடுத்தது அவரல்ல, தேயிலைக் கொழுந்து பறிக்கும் அவர் மனைவி மேரி. மகள் ரெஜினா ஒரு சிங்களப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு தெஹிவளைக்குப் போனதிலிருந்து அந்தோணி அவள் பெயரைச் சொன்னதில்லை. மகளைக் கடற்கரைக்கு வரச்சொல்லி மேரி ரகசியமாக போன் பண்ணியிருந்தது எனக்கு மட்டுந்தான் தெரியும் என்று நினைத்தேன்.

"நீங்களும் வாங்களேன்" என்றேன் அந்தோணியிடம்.

"கடல்ல எனக்கு என்னங்க டீச்சர் வேல?"

உப்பு

கொழும்பு காலிமுகத்திடலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். கைபிடித்துத் தண்ணீரில் இறங்க எனக்கு யாரும் இல்லை என்பதால் செருப்புக்குக் காவல் எப்போதும் நான்தான். மேரி மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துக் கணுக்கால் வரை தேய்த்துக்கொண்டாள். மலைக்கு ஏறும்போது அட்டை கடிக்காமலிருக்கச் செய்வது.

"ஏ மேரிக்கா, கடலுக்கு உப்பு பத்தலையா?" என்றாள் பக்கத்து லயத்து வீட்டு செல்லம்மா.

"தெரியும்டி. தேய்க்காம காலு நகர மாட்டேங்குது."

அளவு

வெள்ளவத்தையில் மேரியின் பேரப்பிள்ளைக்குச் சட்டை வாங்கப் போனோம். கடைக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளை என்ன உயரம் என்று கேட்டார். மேரி கையைத் தரையிலிருந்து உயர்த்தினாள், தாழ்த்தினாள், பிறகு கீழே போட்டுவிட்டாள். "பாத்ததில்லைங்க."

அந்த அம்மா அடுக்கிலிருந்து ஒரு சட்டையை இழுத்து விரித்தார். "அப்ப பெரிசா எடுங்கோ. பிள்ளையள் வளரத்தானே போகுதுகள்."

துண்டு

சாயங்காலம் தெஹிவளைக் கரைக்கு ரெஜினா குழந்தையோடு வந்தாள். நெடுநேரம் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒன்னயும் வெரட்டிருவாரேம்மா" என்றாள் ரெஜினா.

மேரி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழந்தையின் ஈரக்காலைத் துடைத்தாள். "இது யாரு துண்டுன்னு பாரு. கடல் தெரியிற பக்கமா பாத்து அவருதான் எடம் புடிச்சுக் குடுத்தாரு."

இந்த வருடப் பயணத்தில் அந்த ஜன்னலோரத்தில் அந்தோணியே உட்கார்ந்துகொண்டார். மேரிக்கு என் பக்கத்தில் நடு இருக்கைதான் கிடைத்தது.