பூட்டுக்கு ஒரு சொல்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, துணிக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். தோட்டத்துப் பெண்கள் முறைப்பாடு சொல்ல வருகிற இடம். வாசல் போர்டில் மட்டும் ‘தையல் பயிற்சி’ என்று போட்டிருக்கும். உள்ளே மெஷின் ஒன்றும் உண்டு. அதற்கு ஊசிதான் கிடையாது.

ஒருநாள் நுவரெலியாவில் இருக்கும் எங்கள் சட்டத்தரணி போனில் எரிந்து விழுந்தார். பெண்கள் நம்பிச் சொன்னதையெல்லாம் சாதாரண ஈமெயிலில் அனுப்புகிறோமாம். இனிப் பூட்டு உள்ளதில்தான் அனுப்ப வேண்டுமாம். அலுவலகத்தை நடத்துகிற மேடம் என்னைப் பார்த்தார். எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த பாவத்தைச் செய்தவள் நான் ஒருத்திதான்.

“நீயே ஒன்னப் பார்த்து எடும்மா. லேசானதா இருக்கட்டும்.”

லேசானதாம்! லேசாகத் திறக்கிற பூட்டு எதற்கு என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

எங்களுக்கும் சட்டத்தரணிக்கும் நடுவில் பூட்டுப் போடுவது பெரிய வேலையாக இல்லை. சிக்கல், அன்றைக்கு முறைப்பாடு சொல்ல வந்திருந்த அக்காவிடம் இருந்தது.

அவர் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்போம். முழுப் பேரா அரைப் பேரா என்பது, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கின் கையில். அந்தக் கண்டாக்கு இவருக்குத் திரும்பத் திரும்ப அரைப் பேர் போட்டான். பிறகு ஒரு சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது, முழுப் பேர் வேண்டுமென்றால் குவாட்டர்ஸுக்கு வா என்று காதோடு சொன்னான். இன்னும் ஏதோ சொல்லியிருக்கிறான். அதை அக்கா எங்களிடம் சொல்லவில்லை.

சட்டத்தரணி எழுதப்போகும் முறைப்பாட்டை அக்கா வாசித்துச் சரி என்று சொன்னால்தான் அது மேலே போகும். அதற்குள் தோட்டத்தில் விஷயம் கசிந்தால் கண்டாக்கு முந்திக்கொள்வான். வேலை போகும். வேலையோடு, தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். அன்றைக்கே பிள்ளைக்குக் கண் கிளினிக் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் ஹட்டனுக்கு வந்திருந்தார். இன்னொரு தடவை வர வழியில்லை. அதனால் எல்லாம் அவருடைய போனுக்குத்தான் போக வேண்டும்.

முதலில் ஒன்றைக் காட்டினேன். ஈமெயில் வந்ததும் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை அடித்தால் திறக்கும்.

“போன் எங்ககிட்ட இருக்காதுங்க மிஸ்” என்றார். “எங்க லயத்துல கடைசி வீட்டு ஜன்னல்லதான் சிக்னல். எல்லாரு போனும் அங்கதான் இருக்கும். மெசேஜ் வந்தா யாராவது எடுத்து வாசிச்சுச் சத்தமாச் சொல்லுவாங்க.”

அதில் கெட்ட எண்ணம் கிடையாது, உதவிதான். நான் வளர்ந்த லயத்திலும் அப்படித்தான். ஆனால் பூட்டையும் சாவியையும் ஒரே ஜன்னலில் வைத்துவிட்டு வருவதற்குப் பூட்டே வேண்டாம்.

கடைசியில், பாஸ்வேர்ட் போட்டுத் திறக்கிற ஈமெயில் ஒன்றை எடுத்தேன். பாஸ்வேர்டை மறந்தால் உள்ளே இருப்பதை நாங்களும் திறக்க முடியாது, அந்தக் கம்பெனியும் திறக்க முடியாது. போன் யார் கையில் இருந்தாலும் சாவி அக்காவின் தலைக்குள்ளேயே இருக்கும்.

“கோயில் மேட்டுலயும் சிக்னல் இருக்குங்க. ஞாயித்துக்கெழம அங்க வச்சு வாசிச்சுக்கிறேன்.”

“சரிக்கா. ஒரு பாஸ்வேர்ட் சொல்லுங்க.”

கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு நம்பர் சொன்னார். கேட்டதுமே தெரிந்துவிட்டது. தோட்டத்துப் பதிவேட்டில் அவருக்குப் போட்டிருக்கிற செக்ரோல் நம்பர்!

“அக்கா, இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“எல்லாருக்குந்தாங்க. காலையில பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சு அதத்தானே கூப்பிடுறாங்க.”

“யாரு கூப்பிடுறது?”

அப்போதுதான் அவர் முகம் மாறியது. “அந்தாளுதான்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. என் சொந்த ஈமெயிலுக்கு நான் போட்டிருப்பது அப்பாவின் செக்ரோல் நம்பர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பேருக்கு முன்னால் நம்பர்தான் நாக்கில் வரும்.

“உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது சொல்லுங்கக்கா.”

யோசித்தார். பிள்ளை பிறந்த தேதியா? லயமே கூடி நின்று பார்த்தது. நேர்த்திக்கடனா? வாய்விட்டு வேண்டிக்கொண்டது. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா நடுச்சுவர் கூரைவரை போகாது. அடுத்த வீட்டில் விக்கல் எடுத்தால் இங்கிருந்தே தண்ணி குடிக்கச் சொல்லலாம். நானோ, கொண்டி போட்டுக்கொள்ள ஒரு போர்டிங் அறை உள்ளவள், விடாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஒன்னு இருக்குங்க மிஸ்” என்றார் கடைசியில். “அன்னிக்குத் தராசுகிட்ட அந்தாளு சொன்ன வார்த்த. அத நான் ஊட்டுலகூடச் சொல்லல.” பிறகு அவராகவே தலையாட்டினார். “ஆனா அது அந்தாளுக்கும் தெரியும்ல.”

இந்தப் பெண்ணுக்கென்று இருந்த ஒரே ரகசியத்திலும் அவன் பங்குக்கு நின்றான். எத்தனை விதப் பூட்டுகளைப் பற்றி வாசித்திருந்தேன்! இதற்கு என்ன செய்வதென்று எதிலும் போட்டிருக்கவில்லை.

“நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க மிஸ்.”

கீபோர்டை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சுவர்க் கலண்டரைப் பார்த்தபடி நின்றேன். ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

“மறந்துட்டா ஒன்னும் செய்ய முடியாதுக்கா.”

“ம்” என்றார்.

சட்டத்தரணி எழுதிய முறைப்பாட்டை அக்காவுக்கு அனுப்பிவிட்டோம். முதல் ஞாயிறு ஒரு பதிலும் இல்லை. மறந்துவிட்டாரா, மாட்டிக்கொண்டாரா? நாங்களாகக் கூப்பிட்டால் அந்த ஜன்னலில்தான் மணியடிக்கும். போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக ஒரு வாரம் கிடந்து தவித்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவரே போன் பண்ணினார். பின்னால் கோயில் மணிச் சத்தம்.

“போன வாரம் மழைங்க, மேட்டுக்கு ஏற முடியல. இப்பதான் வாசிச்சேன் மிஸ். சரியா இருக்கு. மேல அனுப்பச் சொல்லுங்க.”

“பாஸ்வேர்ட் மறக்கலயாக்கா?”

“எப்புடிங்க மறக்கும்? தெனம் காலையில பெரட்டுல அந்தாளு என் நம்பரக் கூப்பிடுறப்ப, மனசுக்குள்ள அதத்தான் சொல்லிக்கிறேன். வாயில மட்டும் ‘இருக்கேங்க’ன்னு சொல்லுவேன்.”

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் அவருக்குப் பெரட்டு இருந்தது.