கேலண்டர் லட்சுமி

கலை என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். கலைமேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. அந்த வார்த்தையை வெற்றிலை மாதிரி வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டு திரிந்த நாலு ஆம்பிளைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. படம் எடுக்கிற வேலை இல்லை, சேலை கட்டிவிடுகிற வேலை. அந்தக் காலத்தில் நம் பெண்கள் படம் எடுக்க வந்தால் காமிராக்காரர் அவர்களைத் தொடக்கூடாது. தாடையை நிமிர்த்த, கொசுவத்தைச் சரிசெய்ய, பின்னலை எடுத்து முன்னால் போட ஒரு பொம்பளை வேண்டும். பேச்சும் அவள் வழியாகத்தான் போகவேண்டும். "தலையக் கொஞ்சம் சாய்க்கச் சொல்லும்மா" என்று முதலாளி என்னிடம் சொல்வார். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவளுக்கு அது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் ஒருமுறை சொன்ன பிறகுதான் அவள் தலை சாயும். பெரும்பாலும் கப்பலில் ஊருக்கு, மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புகிற படங்கள். எத்தனையோ பெண்களுடைய கல்யாணத்தில் என் கை பட்டிருக்கிறது. ஒருத்திகூட எனக்குப் பத்திரிகை வைத்ததில்லை, அது வேறு விஷயம்.

முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அதைவிட மோசம், அவர் ஒரு ரசிகர். சாயங்காலம் கடை ஓய்ந்தால் அவரைப் போலவே மூன்று ரசிகர்கள் வந்து கூடுவார்கள். ஒருவர் தமிழ் வாத்தியார். ஒருவர் வக்கீல் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி. மூன்றாமவர் ஜவுளிக்கடை வைத்திருந்த பெரியவர், எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா. பக்கத்துக் கடையிலிருந்து கோப்பி வரும். வெளிநாட்டுப் பத்திரிகைகள் மேஜையில் விரியும். அதில் துணியில்லாத வெள்ளைக்காரப் பெண்கள் பாறைமேலும் மணல்மேலும் படுத்துக்கிடப்பார்கள்.

"ஒளி எப்படி விழுந்திருக்கு பாருங்க!" என்பார் வாத்தியார்.

"அடடா, அந்த நிழலு!" என்பார் கிராணி.

நானும் திரைக்குப் பின்னால் சேலை மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒளி ஒரு வாழைத்தார்மேல் விழாதா? தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவன் முதுகில் விழாதா? அதற்கெல்லாம் அந்தப் பத்திரிகையில் இடமே இல்லை போலிருக்கிறது. தர்மகர்த்தா மட்டும் ஒன்றும் பேசமாட்டார். பக்கத்தைத் திருப்ப அவருக்குத்தான் எல்லாரையும்விட நேரம் பிடிக்கும்.

எங்கள் ஸ்டூடியோவுக்கு எதிர்ச்சாரியில், கடைகளுக்கு முன்னால் ஓடுகிற அஞ்சடிப் பாதையில், ஒருத்தி பூக்கடை போட்டிருந்தாள். முப்பதை நெருங்கிய வயசு. நல்ல கறுப்பு. சிரித்தால் தெருவே திரும்பும். புருஷன் ஹார்பரில் கால் ஒடிந்து வீட்டோடு கிடந்தான். பிள்ளைகள் இரண்டு. அம்மனுக்குத் தினம் காலையில் போகிற மாலை அவள் கட்டுவது. அந்த ஒரு வாடிக்கையை வைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. கோயிலுக்கே கட்டுகிறவள் என்று பேர் இருந்ததால்தான் கல்யாண மாலையும் அவளைத் தேடி வந்தது.

ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நகைக்கடைக்காரங்க தீவாளிக்கு லட்சுமி கேலண்டர் போடறாங்க. அந்தப் பூக்கார அம்மா முகம் சரியா இருக்கும். நீ போய்க் கேளு."

போய்க் கேட்டேன். அவள் முகம் குங்குமமாகச் சிவந்தது என்று எழுத ஆசைதான், கறுப்பு முகம் எங்கே சிவக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என் மூஞ்சியப் போயி சாமியாக்கவா அக்கா?" என்றாள். ஆனால் சும்மா வந்துவிடவில்லை. சாமியாக உட்காரப் போகிறோம் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, தலைக்குக் குளித்து, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து வந்தாள். லட்சுமிக்கென்று தாமரை மொட்டும் கொண்டுவந்தாள்.

நாலைந்து படம் எடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார், "ரவிக்கை வேண்டாம்னு சொல்லும்மா. பட்டு, நகை எல்லாம் ஓவியர் மேல வரைஞ்சுக்குவாரு. கீழ துணி இருந்தா தோளோட வளைவு அவருக்குத் தெரியாது."

கேலண்டர் ஓவியர்கள் அப்படி போட்டோவைப் பார்த்து வரைவது எனக்கும் தெரிந்த விஷயம். அவள் என்னைப் பார்த்தாள். ரவிக்கைக்குப் பதிலாக நான் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிவிட்டேன். அது வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் முதலாளி. அவள் கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு அசைய ஏதோ ஸ்லோகம் சொன்னாள். அந்த நேரம் பார்த்து காமிரா சொடுக்கியது.

தீவாளி வந்தது. நகைக்கடைக் கேலண்டரும் வந்தது. அதில் சிவகாசியிலிருந்து வந்த வேறு ஒரு லட்சுமி, சிவந்த கன்னத்தோடு சிரித்தாள். பூக்காரி விசாரித்தாள். ஓவியருக்கு உடம்பு சரியில்லையாம், அடுத்த வருஷமாம். அவளும் நம்பினாள்.

அப்புறம் ஒருநாள் ஸ்டூடியோவே அமளிப்பட்டது. சீனர்களும் வெள்ளைக்காரர்களும் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய போட்டியில் முதலாளியின் படத்துக்குத் தங்க மெடல். தமிழனுக்குத் தங்கம் என்று பத்திரிகையில் செய்தி மட்டும் போட்டார்கள். மேஜைமேல் ஆள் உயரத்தில் பாதிக்கு அந்தப் படம், தேக்குச் சட்டம் போட்டு. மேல் துணி இடுப்பில் கிடந்தது. கண் மூடியிருந்தது. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. கீழே பெயர் எழுதியிருந்தது: "தாபம்".

தாபமாம்! காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள் முகமய்யா அது. பசியும் பக்தியும். போட்டி நடுவர்கள் அந்த முகபாவத்தைத்தான் ரொம்பப் பாராட்டினார்களாம்.

"கேலண்டருக்குன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கேலண்டரெல்லாம் வியாபாரம். இது கலை. உனக்குப் புரியாதும்மா" என்றார்.

நேரே தெருவைத் தாண்டி அவளிடம் போய்ச் சொன்னேன். கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். சேலை கட்டியிருந்தவள்தான், ஆனாலும் முந்தானையை எடுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என்னிடம் மெதுவாக, "அக்கா, கோயிலுக்குத் தெரிஞ்சா என் மாலையத் தொடுவாங்களா? என் பிள்ளைங்க என்ன திங்கும்?" என்றாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, முதல்முறையாக அவரிடமே பேசினாள்.

"அந்தப் படத்தக் குடுத்திடுங்கண்ணே. அதோட பிலிமையும்."

அவர் என்ன செய்தார் தெரியுமா? பதிலை என்னிடம் சொன்னார். "அது அவங்க படம் இல்லைன்னு சொல்லும்மா. அது வெறும் ஒளியும் நிழலும்."

"அப்ப ஒளிக்கும் நிழலுக்கும் ரவிக்கை போட்டே எடுத்திருக்கலாம் லா" என்றாள் அவள். அவர் படத்தின்மேல் துணியை இழுத்துப் போட்டார். படம் கிடைக்கவில்லை.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சங்கக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா வைத்தார்கள். தலைமை, தர்மகர்த்தா. விழா ஏற்பாடு செய்தவருக்கு விஷயம் தெரியாது, நல்ல மாலையாக வேண்டும் என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். அவளும் கட்டினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே! சம்பங்கியும் ரோஜாவுமாக, கனமான மாலை. தானே எடுத்துவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் வாசல் தூணோரம் நின்றுவிட்டாள். யார் யார் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் நின்றாள். நான் அதே வாசலில் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். முதலாளி உத்தரவு.

மேடையில் பட்டுத்துணியை விலக்கினார்கள். முன்வரிசை ஆண்கள் "ஆகா" என்றார்கள். பின்வரிசைப் பெண்கள் கீழே பார்த்தார்கள். வாத்தியார் பேசினார். பெண்மை, இயற்கை, வைகறை என்று என்னென்னவோ வந்தது. கிராணி இங்கிலீஷில் பேசினார். கடைசியாகத் தர்மகர்த்தா எழுந்தார். "நம்ம கோயில் கோபுரத்துல இல்லாததா? சிற்பி கல்லுல செஞ்சான், இவர் காமிராவில செஞ்சிருக்காரு. தப்பு பார்க்கிறவன் கண்ணுலதான் இருக்கு. இது தெய்வீகக் கலை!" என்று முழங்கினார். கல்லுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது, கல்லு தேக்காவுக்குப் போய்க் காய்கறி வாங்கவேண்டாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு முதலாளிக்கு மாலை போட்டார்கள். நம் மேடைப் பழக்கம்தான் தெரியுமே, போட்ட மாலையைப் போட்டபடி வைத்துக்கொண்டால் அடக்கம் இல்லை என்று ஆகிவிடும். உடனே கழற்றி இன்னொருவருக்குப் போடவேண்டும். முதலாளி கையைக் கூப்பினார். "இந்தப் பெருமை எனக்கில்லை, கலைத்தாய்க்கே!" என்று சொல்லி மாலையைக் கழற்றி அந்தப் படத்துக்குப் போட்டுவிட்டார்.

முன்வரிசையில் பலத்த கைதட்டல். பின்வரிசையில் ஒரு கிழவி மட்டும், "அடக் கடவுளே, செத்துப்போனவளா அது? பாவம், சின்ன வயசு" என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் அப்படியே பிசுபிசுத்தது. மாலையும் கண்மூடிய முகமுமாக அந்தப் படம், எந்த வீட்டுக் கூடத்திலும் தொங்குகிற செத்தவர் படமாகிவிட்டது. முதலாளி தானே போட்ட மாலையைத் திரும்பி அப்போதுதான் பார்த்தார். கழற்றலாமா வேண்டாமா என்று கையை நீட்டி, மடக்கி, நீட்டி... கண்கொள்ளாக் காட்சி!

பூக்காரி நடந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே, அவசரமே இல்லாமல். போகாதேடி, தூணோரமே நின்றுவிடு, இதுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று உள்ளுக்குள் கத்தினேன். அவள் மேடையேறி, படத்துக்குப் பக்கத்தில் நின்று, கூட்டத்தைப் பார்த்தாள். அந்த முகமும் இந்த முகமும் ஒன்று என்பது குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

"மாலை போட்டுட்டீங்க. நல்லது" என்றாள். "மாலை போட்ட படத்த வெளியாளுங்க வச்சிருக்கக் கூடாது. வீட்டு மனுஷங்ககிட்டதான் குடுக்கணும். நான் அந்த வீட்டு மனுஷி. எடுத்திட்டுப் போறேன்."

செத்தவர் படம் வீட்டாருக்குத்தான் என்பதை மறுக்கிற தமிழன் அந்த மண்டபத்தில் இல்லை. படம் கனம். ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள். நான் பன்னீர்ச் செம்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய் இன்னொரு பக்கத்தைப் பிடித்தேன். "நீ எங்கம்மா போற?" என்றார் முதலாளி. "ஒளியத் தூக்கறது அவ, நிழலத் தூக்கறது நான்" என்றேன். என் வேலை அதோடு போயிற்று.

போகிற வழியில் ஸ்டூடியோ. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பிலிமையும் எடுத்துக்கொடுத்தேன். அவள் அதைத் தெருவிளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கறுப்பெல்லாம் வெளுப்பாகத் தெரிந்தது. "பாருங்கக்கா, இதுல நானும் வெள்ளைக்காரிதான்" என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அழுதாள். படத்தைச் சட்டத்திலிருந்து உருவி, பிலிமோடு சேர்த்து அவள் வீட்டு அடுப்பில் வைத்தோம்.

மறுநாள் காலையில் கோயிலிலிருந்து ஆள் வந்தான். இனிமேல் அம்மனுக்கு அவள் மாலை வேண்டாமாம், தர்மகர்த்தா சொல்லச் சொன்னாராம். ஊர் என்ன நினைக்கும் என்பதற்காகவாம். முந்தின நாள் சாயங்காலம் அது தெய்வீகக் கலை. பொழுது விடிந்ததும் அதே உடம்பு தீட்டாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே நடந்தது ஒன்றுதான், அந்த உடம்புக்குச் சொந்தக்காரி எழுந்து பேசிவிட்டாள்.

அவள் நாரைப் பல்லில் கடித்து அறுத்தாள். "சரின்னு சொல்லுங்க. சாமிக்கு வேணாம்னா விட்டுடுங்க. ஐயா சாவுக்கு மட்டும் மறக்காம என்கிட்ட வரச் சொல்லுங்க."

கல்யாண மாலைக்காரர்களும் மெல்லக் கழன்றுகொண்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்குச் சாவு மாலைதான் பிழைப்பு. அதிலே யாரும் கௌரவம் பார்ப்பதில்லை. பிள்ளைகளை அதில்தான் படிக்கவைத்தாள். தேக்குச் சட்டத்தை மட்டும் எறியவில்லை. சிவகாசி லட்சுமியைக் கேலண்டரிலிருந்து வெட்டி அதில் போட்டு, கடையில் மாட்டி, தினம் பூ வைத்தாள். எதிர்ச்சாரியில் ஸ்டூடியோ கதவைத் திறந்தால் அதுதான் கண்ணில் படும்.

அறுபதுகளின் நடுவில் தர்மகர்த்தா போய்ச் சேர்ந்தார். தெருவில் சாவு மாலை என்றால் அவள்தான். மகன்கள் அவளிடமே வந்தார்கள். நானும் அன்றைக்கு அவளுக்கு நார் கிழித்துக்கொடுத்தேன். சம்பங்கியும் ரோஜாவுமாக, அந்தப் பாராட்டு விழாவுக்குக் கட்டிய அதே கட்டு. எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போய்க் கொடுத்தோம்.

கூடத்தில் அவர் படம் வைத்திருந்தார்கள். எங்கள் ஸ்டூடியோவில் எடுத்ததுதான். தலைப்பாகை, அங்கவஸ்திரம், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. முகத்தைத் தவிர உடம்பில் ஓர் அங்குலம் வெளியே தெரியவில்லை.

பூக்காரி மாலையைச் சரிசெய்துவிட்டு இரண்டடி பின்னால் நின்று பார்த்தாள். "கலை தெரிஞ்ச மனுஷன் அக்கா" என்றாள். "தனக்குன்னு வந்தப்ப ஒரு பொத்தானக்கூட கழட்டல பாருங்க."