அமுயேனின் நாற்பது நாள் கூலி

மாவட்டச் சுகாதார அலுவலகம் அமுயேனுக்கு அறுபதாயிரம் பிராங்க் பாக்கி வைத்திருந்தது. நாற்பது நாள் ஊர் ஊராக நடந்த கூலி.

நான் காங்கா. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஒற்றைக் கத்தியோடு காட்டில் நுழைந்து, பதினோரு ஹெக்டேர் கொக்கோத் தோட்டம் எழுப்பியவன். அமுயேன் சந்தையில் மரவள்ளிச் சோறு விற்பவள். சிறுவயதில் வந்த புண் அவள் வலது கையில் இரண்டு விரலைத் தின்று, உள்ளங்கைவரை தழும்பை விட்டுப்போனது.

தோல்நோய்க் கணக்கெடுக்க முதலில் அலுவலக வண்டிதான் வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை. ஊரே கொக்கோக் காட்டில் கிடந்தது. வீட்டிலிருந்த ஒன்பது கிழடுகளின் கால்களைப் பார்த்துவிட்டு, புண் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். வாரத்தில் ஒரு நாள் மண்ணுக்கு ஓய்வு, அன்று யாரும் கத்தி தொடமாட்டோம், எல்லோரும் வீட்டில் இருப்போம். எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை. கேட்டால்தானே சொல்வதற்கு!

எங்கள் ஊர் நர்ஸ் அலுவலகத்தோடு சண்டை போட்ட பிறகு அமுயேனைக் கூலிக்கு வைத்தார்கள். எந்த ஊருக்கு எது ஓய்வு நாளோ அன்று போய் நின்றாள். முதலில் தன் கையைக் காட்டுவாள். அப்புறம் அவர்களாகவே துணியை விலக்கிப் புண்ணைக் காட்டுவார்கள். முப்பத்தேழு பேர்.

ஐந்து மாதம் கூலிக்கு அலைந்தாள். ஆறாம் மாதம் நானும் போனேன்.

கணக்கர் நிமிரவே இல்லை. "பட்டியல்ல குளறுபடிம்மா. எங்க ஆளுங்க புண்ணே இல்லன்னாங்க. நீ முப்பத்தேழுங்கிற."

"ஒங்க ஆளுங்க ஆட்டையா எண்ணுனாங்க?" என்றேன்.

"பெரியவரே, நீங்க யாரு?"

"நீ திங்கிற சாக்லேட்டுக்குக் காய் வெட்டுறவன்டா!"

அமுயேன் சிரித்துவிட்டாள். "மாமா, விடுங்க. பாவம், பல்லு வலிக்கப்போவுது அவருக்கு."

அவனுக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எனக்கு எழுத்துதான் தகராறு. மூட்டை எடைபோட்டே ஆளானவனுக்கு எண் தகராறில்லை. மேல்பெட்டியில் 37 என்று எழுதியிருந்தது.

"மருந்து வாங்க மட்டும் அவ கணக்கு சரியா இருந்துச்சா?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் முகம் கறுத்தது. இழுப்பறையைத் திறந்து நோட்டுகளை மேசையில் போட்டு, அளவுகோலால் அவள் பக்கம் தள்ளினான். அளவுகோலால்! எனக்கு ரத்தம் கொதித்தது.

அமுயேன் நோட்டைத் தொடவில்லை. வலது கையை விரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஒட்டாது தம்பி. ஆறி இருபது வருஷமாச்சு. கையில எண்ணிக் குடு."

நான் கதவை மறித்து நின்றேன். அவன் வரிசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு நோட்டுகளைப் பொறுக்கி, பத்தாயிரம் பத்தாயிரமாக அந்தத் தழும்பின்மேல் வைத்தான். நான்காவதில் நிறுத்தினான். அவள் கையை மடக்கவில்லை. ஐந்து. ஆறு.