மயக்கம் தெளிந்து வயலுக்குப் போனவர்

ஆஸ்பத்திரித் தாதி என்றால் நாளெல்லாம் ஊசி போடுகிறவள் என்று நினைப்பீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், கிளிநொச்சிப் பக்கத்து வார்டு ஒன்றில், பாதி நேரம் நான் மூத்திரம் காய்ச்சினேன். நோயாளியின் சொந்தக்காரரோடு மாரடித்தவர்களுக்கு இந்தக் கதை விளங்கும்.

நீலம்

சலரோகக்காரரின், அதாவது நீரிழிவுக்காரரின், மூத்திரத்தை நீல மருந்தோடு சேர்த்துச் சூடாக்குவோம். சீனி இருந்தால் செங்கல் நிறம் வரும், இல்லாவிட்டால் நீலம் அப்படியே நிற்கும். ஸ்கந்தபுரத்தில் வயல் செய்யும் கமக்காரர் கந்தையாவுக்கு வருடக்கணக்காகச் செங்கல்தான். ஒருநாள் நீலம் நின்றது. அவர் மனைவி பாக்கியம் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டா. நான் அவரின் காலைப் பார்த்தேன். காலும் முகமும் வீங்கியிருந்த மனிதருக்குச் சிறுநீரகம் பழுதாகி, சீனியை வெளியே விடாமல் வைத்திருந்தது. சலரோகத்துக்கு விழுங்கும் குளிசையும் இனி உடம்பை விட்டுப் போகாது, சேர்ந்து நின்று ஆளை விழுத்தும், உடனே நிறுத்துங்கோ என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வெளியே வந்த கந்தையா என்னிடம் கேட்டார்:

"வருத்தத்தை மாத்தின குளிசையை ஆராவது விடுவினமே, மிஸி?"

பாவற்காய்ச் சாறு

அடுத்த தரம் அவரை ட்ரக்டர் பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். உடம்பு வேர்த்துக் குளிர்ந்திருந்தது, கூப்பிட்டால் பேச்சில்லை. நிறுத்தாமல் விழுங்கிவந்த குளிசை சீனியை அடியோடு இறக்கிவிட்டது. வீட்டார் சீனி கூடித்தான் மயக்கம் என்று நினைத்து, வாயைத் திறந்து பாவற்காய்ச் சாறு பருக்கியிருந்தார்கள். நேரத்தோடு கொஞ்சம் சீனித்தண்ணீர் கொடுத்திருக்கலாமே! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

டொக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். ஊசியை எடுப்பதற்குள் கந்தையா கண் திறந்தார். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இந்த வேலையில் கிடந்து சாகிறோம். அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"இண்டைக்கு எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி வாற முறை. ஆர் போய்த் திறக்கிறது?"

தண்ணீர் முறை

குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தவறவிட்டால் கதிர் விடப்போகும் குடலைப் பயிர் கருகிப்போகும். குளிசை உள்ளே இருக்கும்வரை திரும்பவும் மயங்குவார், குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருக்கவேண்டும் என்று கெஞ்சினேன், ஏசினேன். எழும்பியிருந்து கதைக்கிற மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் சொல்லை யார் கேட்பார்கள்? மைத்துனரின் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சோர்ந்தால் சீனி கரைத்துக் கொடுங்கோ என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டேன்.

பின்னேரம் திரும்பக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் கட்டி முடித்து வரம்பில் சாய்ந்தவர், வேலைக் களைப்பில் நித்திரை கொள்கிறார் என்று பாக்கியம் பக்கத்தில் இருந்து முந்தானையால் வெயிலை மறைத்திருக்கிறா. இந்தத் தரம் எவ்வளவு ஏற்றியும் கண் திறக்கவில்லை. நான் துணியை முகம்வரை இழுத்தபோது, காலில் சேறு காயாமல் நின்ற அந்த மனுசி சொன்னா:

"நல்ல நித்திரை எண்டுதானே, மிஸி, எழுப்பாமல் விட்டனான்."

மயங்கிக் கிடப்பவரைக் கட்டிலில் வைத்திருப்பது சுலபம். எழும்பியிருந்து வயலைப் பற்றிக் கதைக்கிறவரை வைத்திருக்க எங்கள் மருந்து அலுமாரியில் ஒன்றும் இருந்ததில்லை.