தேவானையின் கொசுறு

"இன்னாமே, ஒழுங்கா கீறியா?" என்று பெயின்ட் வாளிக்குள் குனிந்து விசாரித்த பிறகுதான் தேவானை பல் துலக்கப் போவாள். வாளி நிறையக் கடல்நீர். அதில் நைலான் கயிற்றில் கட்டிய ஒரு கொத்துக் கடல்பாசி, கருஞ்சிவப்பில் விரல் விரலாகத் தொங்கும். மீன் தொட்டிக்கு வைக்கிற சின்னக் காற்று மோட்டார் பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பட்டினப்பாக்கம் குடியிருப்பின் மூன்றாம் மாடி வராந்தாவில் வெயில் விழுகிற ஒரே மூலையை இந்த வாளி பிடித்துக்கொண்டதில், துணி காயப்போடுகிறவர்களுக்கெல்லாம் வருத்தம்.

தேவானை மாலையில் கடற்கரையில் மீன் வறுத்து விற்பவள். வஞ்சிரத் துண்டு கேட்டவர் தட்டில் மேலே நாலு நெத்திலி வைக்காமல் அவள் கை நீண்டதில்லை. வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். "துன்னு நைனா, இன்னா கொறஞ்சிடப் போவுது?" கணவர் சுப்புராயன் தலையில் அடித்துக்கொண்டே பாதி முடியை இழந்துவிட்டார்.

அடுப்புப் புகை அவள் கண்ணைக் கெடுத்துவிட்டது. இனியும் அடுப்படியில் நின்றால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்துத் தரமணி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஷண்முகப்ரியா என்ற பெண் வந்தாள். கடலில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் பெண்கள் குழுவுக்கு ஆள் சேர்த்தாள். வீட்டில் ஒரு கொத்தை வளர்த்துக் காட்டினால் குழுவில் இடம். பாசிக்குச் சத்து மருந்து ஒரு பாட்டில் கொடுத்து, தண்ணீர் மாற்றும்போது ஒரு மூடி ஊற்றச் சொன்னாள்.

ஒரே ஒரு மூடியாம். தேவானை அளந்துதான் ஊற்றினாள். பிறகு பாட்டிலைச் சாய்த்துக் கொசுறும் விட்டாள். மனசு ஆறாமல் மீன் கழுவின தண்ணீரில் ஒரு சொம்பு. சில நாளில் வாளி பச்சைப்பசேல் என்றானது. "பாரு, எப்டி தழச்சிக்கினு கீது!" என்று எதிர்வீட்டு முனியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். முனியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். தழைத்தது வழவழவென்ற வேறு பாசி. கட்டிவிட்ட கொத்து அதற்கடியில் வெளுத்துப் பிய்ந்து கிடந்தது.

அடுத்த கொத்துக்கு மீன் தண்ணீரை நிறுத்தினாள். கொசுறை நிறுத்த முடியவில்லை. அதுவும் போனது.

"ஒரு மூடின்னா ரேசன் கடை அளவு மாரி கீது கண்ணு. வளர்ற புள்ளைக்கு யாராச்சும் அளந்து போடுவாங்களா?"

புதுக் கொத்தோடு வந்திருந்த ஷண்முகப்ரியா சிரிக்கவில்லை. "அக்கா, அது பட்டினில சாகல. மிஞ்சுன மருந்தத் தின்னுட்டு அந்தப் பச்சைதான் கொழுத்துது. கொழுத்து நம்ம கொத்த மூடிடுச்சு. இதுதான் கடைசிக் கொத்து. இதுவும் போச்சுன்னா உங்க இடத்த வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

இடம் போவதைவிட, தன் கையால் ஊட்டி ஒன்று செத்தது என்ற பேச்சுதான் தேவானையைத் தைத்தது.

இன்று மருந்து நாள். சுப்புராயன் கேனில் சுமந்து வந்த புதுக் கடல்நீர் வாளியில் தெளிந்து நிற்கிறது. கொத்தின் நுனியில் இளசாக ஒரு துளிர். தேவானை மூடியை நிரப்பி ஊற்றினாள். வலது கையில் பாட்டில் தானாகச் சாய்ந்தது. இடது கையால் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். சாய்ந்த பாட்டிலை நிமிர்த்தவும் மனம் வரவில்லை. அப்படியே திரும்பி இரண்டு எட்டு நடந்து, முனியம்மாளின் கறிவேப்பிலைத் தொட்டியில் அந்தக் கொசுறை விட்டாள்.

"இந்தா, நீ துன்னு."